அயர்லாந்து மதுக்கூடத்தில் வயலின் வாசிக்கப் போகலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் எட்டு ஆண்டுகள் கர்நாடக முறையில் வயலின் கற்ற என் மகள், மேற்படிப்புக்காக அயர்லாந்தின் கால்வே நகரில் இருக்கிறாள். அங்குள்ள மதுக்கூடங்களில் இசைஞர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து நாட்டு இசை வாசிக்கிறார்களாம். தோழி இவளையும் அழைக்கிறாள். குடிக்கும் இடத்தில் கலைக்கு மதிப்பு இருக்குமா? அனுப்பலாமா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: தாராளமாகப் போகட்டும், அம்மா. மதுக்கூடம் என்றதும் நம் ஊர்க் கடைகள் தங்கள் கண்முன் வந்திருக்கும். அங்கே அது ஊரார் மாலையில் உண்ணவும் பேசவும் கூடும் இடமாகவும் இருப்பதால், தங்கள் மகள் தேநீரோ பழச்சாறோ வாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கலாம்.

இந்த இசை முன்பு வீட்டு அடுக்களைகளிலும் நாற்சந்திகளிலும் நடனத்துக்காக ஒலித்தது. பொது நடனங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற 1935ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அவை நலிந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேலை தேடி லண்டன் சென்றவர்கள் அங்குள்ள மதுக்கூடங்களில் கூடி வாசித்ததில்தான் 'செஷன்' என்னும் இன்றைய வழக்கம் உருப்பெற்றது. பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிய நம் மாவட்டத்தாருக்கு, பிழைக்கப் போன இடத்தில் ஊர்ப்பாட்டைத் தேடும் அந்த ஏக்கம் விளக்காமலே புரியும்.

செஷனில் மேடையோ நிகழ்ச்சி நிரலோ கிடையாது. ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்க, அது தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். பெரும்பாலான மெட்டுகளில் இரண்டு பகுதிகள் உண்டு; ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்தால் ஒரு சுற்று முடியும், அப்படி மூன்று சுற்று வாசித்துவிட்டு நிறுத்தாமலே அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். வயலினும் குழலும், கைகளால் விரித்துச் சுருக்கி வாசிக்கும் சிறு துருத்திக் கருவியான கான்சர்டினாவும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும் என்பதால் அவ்வப்போதே ஸ்வரங்களைப் புனைந்து வாசிக்கும் கற்பனைஸ்வரத்துக்கு அங்கே இடமில்லை. ஆனால் 'கட்', 'ரோல்' என்று அவர்கள் சொல்லும் நுண்ணிய அசைவுகளில் ஸ்வரத்தை அசைத்து அழகூட்டும் நம் கமகத்தின் உறவை அவள் காதே கண்டுகொள்ளும். 'ஜிக்' என்னும் மெட்டு வகை, மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடை பழகியவளுக்கு எளிதில் பிடிபடும். நம் வில்லுப்பாட்டில் குடமும் உடுக்கையும் புலவரின் பாட்டை அனுசரிப்பதுபோல, ஆட்டுத்தோல் கட்டிய 'பௌரான்' என்னும் பறையும் மெட்டுக்கு அடங்கியே ஒலிக்க வேண்டும் என்பதில் அவர்கள் கண்டிப்பானவர்கள்.

உண்மையான சிரமம் வேறு. ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்த தந்திகளை, ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பஞ்சமமாகும்படி, அதாவது அதிலிருந்து ஐந்தாம் ஸ்வரமாகும்படி, அவள் மாற்றிக் கட்ட வேண்டும். நாற்காலியில் அமர்ந்து தோளில் வைத்து வாசிக்கவும் பழக வேண்டும். ஆகவே முதல் சில வாரங்கள் வயலினை உறையிலேயே வைத்துக் கேட்கட்டும். அனுமதி பெற்று ஒலிப்பதிவு செய்து, வீட்டில் நாலைந்து மெட்டுகளைப் பாடம் செய்யட்டும். தெரியாத மெட்டில் ஊகித்து வாசிப்பதைவிடச் சும்மா இருப்பதையே அந்த வட்டம் மதிக்கும். வாசிப்பவர்களின் இருக்கைகளில் கேட்காமல் அமர வேண்டாம். புதியவரை ஒன்று தொடங்கச் சொல்லும் பழக்கமும் அங்கே உண்டு. அப்படிக் கேட்டால், தயங்காமல் தான் கற்ற ஒரு சிறிய கீர்த்தனையை அவள் வாசிக்கலாம்.