சுவர் பூசும் முன் கேளுங்கள்: வீட்டு ஆட்டோமேஷன், ஆடியோ-வீடியோ வயரிங் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தரைத்தளம், முதல் தளம் என்று 2,400 சதுர அடியில் வீடு கட்டுகிறோம். இன்னும் இரண்டு வாரத்தில் ரூஃப் கான்கிரீட். ஆட்டோமேஷன் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். இப்போதே செய்ய வேண்டியது ஏதாவது உண்டா? – வாசகர், திருச்சி

பதில்: பிறகு பார்த்துக்கொள்ளக்கூடியவை கருவிகள் மட்டும்தான். பைப்பை இப்போது போடாமல் விட்டால் பிறகு சுவரையும் தளத்தையும் உடைத்துத்தான் போட வேண்டும். ஆகவே எந்த பிராண்ட் என்ற யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் ரேக் எங்கே வரும் என்று முடிவு செய்யுங்கள். இணைய ஃபைபர், ரவுட்டர், நெட்வொர்க் சுவிட்ச், கேமரா ரெக்கார்டர் எல்லாம் கூடும் இடம் அது. மாடிப்படிக்குக் கீழ் அலமாரி என்றால் கதவில் மேலும் கீழும் காற்றுத் துளை வேண்டும். மூடிய அலமாரியில் ஆம்ப்ளிஃபயர் வைத்தால் சூட்டில் தானாக அணைந்துவிடும். ரேக்குக்கு இன்வெர்ட்டர் லைனிலிருந்து இரண்டு சாக்கெட் கொடுங்கள்.

அங்கிருந்து ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஒரு 25 மி.மீ. பைப், அதில் இரண்டு கேட்-6 (நெட்வொர்க் கேபிள்). ஹால் டிவி சுவருக்கு இரண்டு 25 மி.மீ. பைப். தளத்துக்கு ஒன்றாக, கூரை நடுவில் வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டுக்கு (சிக்னலைப் பரப்பும் கருவி) ஒரு பைப். இதை விட்டுவிடாதீர்கள், கம்பி கட்டிய தளத்தைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சரியாகப் போகாது. நான்கு மூலைக் கேமராக்களுக்கும் வாசல் கேட்டுக்கும் தனித்தனி பைப், கேட் மோட்டாரின் மின்சாரத்துக்கு வேறு பைப். மொட்டை மாடிக்கு இரண்டு (டிடிஎச், ஃபைபர்), வாய் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஐப்பசி மழை நேராக ரேக்கில் இறங்கும். திரைச்சீலை மோட்டார் எண்ணம் இருந்தால் ஜன்னலின் மேல் ஒரு பக்கம் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் வர வேண்டும்.

25 மி.மீ. பைப்பில் கேட்-6 நான்குக்கு மேல் திணிக்க வேண்டாம், 20 மி.மீ. என்றால் இரண்டு. பைப் முழுவதும் நிரம்பினால் இழுக்கும்போது கேபிளுக்குள் இருக்கும் கம்பி ஜோடிகளின் முறுக்கு குலையும். இரண்டு பாக்ஸ்களுக்கு இடையே இரண்டு வளைவுக்கு மேல் கூடாது. அதுவும் எல்போ அல்ல, நீள பெண்ட்.

டிவிக்குப் பின்னால் இருந்து கீழே டிவி யூனிட்டுக்கு ஒரு 50 மி.மீ. பைப் இறக்கினால் எந்தக் கேபிளும் பின்னாளில் போகும். ஆனால் சுவரில் வெட்டும் செங்குத்துக் காடி (பள்ளம்) சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 9 அங்குலச் சுவரில் தாராளமாக முடியும், நாலரை அங்குலச் சுவரில் முடியாது. அப்படியிருந்தால் டிவிக்குப் பின்னால் பேனல் வைத்து அதற்குள் விடுங்கள்.

தளத்தில் பைப்பை சென்ட்ரிங் பலகை மேல் நேரடியாகப் படுக்க வைக்காமல் கீழ்க்கம்பிக்கும் மேல்கம்பிக்கும் நடுவில் கட்டச் சொல்லுங்கள். இணைப்புகளுக்கு சால்வென்ட் பூசாமல் வெறுமனே செருகினால், வைப்ரேட்டர் அடிக்கும்போது கழன்று சிமென்ட் பால் உள்ளே போய்விடும். பைப் வாய்களைத் தெர்மாகோல் அடைத்து டேப் சுற்றுங்கள். கான்கிரீட் அன்று எலக்ட்ரீஷியன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சென்ட்ரிங் பிரித்ததும் எல்லாப் பைப்பிலும் ஜிஐ கம்பி விட்டுப் பார்த்துவிடுங்கள். அடைத்திருப்பது பூச்சுக்கு முன் தெரிந்தால் மாற்று வழிக்குக் காடி வெட்ட நேரம் இருக்கும். பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போது அந்தப் படத்தைத் தேடுவீர்கள்.

சுவிட்ச் பாக்ஸ்: எல்லா இடத்திலும் தேவையைவிட ஒரு அளவு பெரியதாக, 50 மி.மீ. ஆழத்துக்குக் குறையாமல். எல்லா பாக்ஸிலும் நியூட்ரல். ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டிய பிறகு, அணைத்தாலும் எல்இடி பல்பு இரவில் மங்கலாக எரிகிறது, சில நேரம் மின்னுகிறது. பல்பை மாற்றியும் பயனில்லை. – வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் சுவிட்ச் நியூட்ரல் இல்லாத வகையாக இருக்க வேண்டும். அதற்குள் இருக்கும் ரேடியோவும் சிப்பும் எந்நேரமும் விழித்திருக்கக் கொஞ்சம் மின்சாரம் தேவை. நியூட்ரல் இல்லாததால் அந்தச் சிறு மின்னோட்டத்தைப் பல்பு வழியாகவே எடுத்துக்கொள்கிறது. பழைய 60 வாட் குண்டு பல்பு இதைக் கண்டுகொள்ளாது. 7 வாட் எல்இடியின் டிரைவரில் உள்ள கெபாசிட்டர் அதில் மெல்ல மெல்ல நிரம்பி, ஒரு கட்டத்தில் பளிச்சென்று மின்னிவிடுகிறது.

சுவிட்சைக் குறை சொல்லும் முன் இரண்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, பேஸுக்குப் பதில் நியூட்ரலை சுவிட்சில் கொடுத்திருக்கிறார்களா? அப்படியிருந்தால், சுவிட்ச் அணைத்த நிலையில் பல்பு ஹோல்டரில் டெஸ்டர் வைத்தால் பளிச்சென்று எரியும். அது ஆபத்து, உடனே மாற்ற வேண்டும். இரண்டு, அதே லைனில் சிவப்பு இண்டிகேட்டர் உள்ள பழைய சுவிட்ச் இருக்கிறதா? அதுவும் இதே வேலையைச் செய்யும்.

இரண்டும் இல்லையென்றால், சுவிட்சோடு வந்த பைபாஸ் கெபாசிட்டரைப் பல்புக்கு இணையாக, பல்பு முனையில் மாட்ட வேண்டும். இது ஒட்டுப்போடும் வேலைதான். சரியான தீர்வு, பாக்ஸுக்கு ஒரு நியூட்ரல் இழுத்து நியூட்ரல் வகை மாட்யூல் (பாக்ஸுக்குள் உட்காரும் சிறு ஸ்மார்ட் கருவி) போடுவது. அதே போர்டில் 5 ஆம்ப் சாக்கெட் இருந்தால் நியூட்ரல் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. சிக்கல் வருவது மாடிப்படி டூவே பாயின்ட்டில்தான் (ஒரே விளக்குக்கு மேலும் கீழும் சுவிட்ச்). அங்கே நியூட்ரல் உள்ள முனையில் மட்டும் மாட்யூலை வைத்து, மறுமுனையைச் சாதாரண சுவிட்சாக மாட்யூலின் சிக்னல் முனையில் கொடுத்துவிடலாம்.

கேள்வி: நியூட்ரல் இழுத்து மாட்யூல் போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது. மாட்யூல் கோளாறா? – வாசகர், கடலூர்

பதில்: பெரும்பாலும் இல்லை. இன்வெர்ட்டர் லைன் பேஸுக்கு, பக்கத்தில் கைக்குக் கிடைத்த மெயின் லைன் நியூட்ரலை எலக்ட்ரீஷியன் கொடுத்திருப்பார். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றா என்று பார்ப்பதுதான் ஆர்சிசிபியின் வேலை. 30 மில்லி ஆம்ப் வித்தியாசம் போதும், விழுந்துவிடும். எந்த ஆர்சிசிபியின் பேஸோ அதே ஆர்சிசிபியின் நியூட்ரல். இரண்டு லைனின் நியூட்ரல் பாரையும் (நியூட்ரல் வயர்கள் கூடும் பட்டை) எங்கேயும் சேர்க்கக் கூடாது.

கேள்வி: புரொஜெக்டருக்கு 12 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் சுவருக்குள் விட்டோம். 4கே படம் போட்டால் நடுவில் கறுப்பாகி மீண்டும் வருகிறது. கேபிள் டிவி பெட்டியில் பிரச்சினை இல்லை. – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பிளேயரை 1080-க்கு இறக்கிப் பாருங்கள். படம் தடையில்லாமல் ஓடினால் குற்றவாளி கேபிள். 4கே, விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் 18 ஜிகாபிட் வரை போக வேண்டும். சாதாரணத் தாமிரக் கேபிளில் 5 மீட்டருக்கு மேல் அதை நம்ப முடியாது. தடித்த கேபிள், தங்க முலாம் எல்லாம் கடைக்காரருக்குத்தான் உதவும்.

மாற்று, ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ (உள்ளே ஃபைபர் இழை உள்ள கேபிள்). இதற்குத் திசை உண்டு. ஒரு முனை பிளேயர் பக்கம், மறுமுனை புரொஜெக்டர் பக்கம் என்று அச்சிட்டிருக்கும். தலைகீழாக இழுத்துவிட்டால் படமே வராது, முழுவதும் உருவி மறுபடி இழுக்க வேண்டும். இழுக்கும் முன் தரையில் விரித்து 4கே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தலையைப் பிடித்து இழுக்காமல் கேபிள் உடலில் கயிறு கட்டி இழுங்கள். எச்டிஎம்ஐ தலை ஏறத்தாழ 2 செ.மீ. அகலம், 25 மி.மீ. பைப்பில் வளைவு தாண்டாது. 40 மி.மீ.யாவது வேண்டும். பைப்பே இல்லாமல் பூச்சுக்குள் புதைத்திருந்தால் வருத்தமான செய்தி: கேசிங் பட்டை போட்டு வெளியே கொண்டுபோவதே சிக்கனம். பைப் இருந்தால் கூடவே இரண்டு கேட்-6 இழுத்துவிடுங்கள், பின்னாளில் எக்ஸ்டெண்டர் (கேட்-6 வழியே படத்தை அனுப்பும் கருவி) போட உதவும். டிவிக்கும் இதே கேபிள்தான் என்றால், அதன் ஒலி ரிசீவருக்கு (ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர்) அதே கேபிளில் திரும்பி வர இ-ஏஆர்சி ஆதரவு உண்டா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்ஊஃபர்) ஹோம் தியேட்டருக்கு வீட்டு வயரே போதும், ஸ்பீக்கர் வயர் என்பது ஏமாற்று என்கிறார் எலக்ட்ரீஷியன். சரியா? – வாசகர், மதுரை

பதில்: பாதி சரி. தாமிரம் தாமிரம்தான். கணக்கு கனத்தில் இருக்கிறது. பின்பக்க ஸ்பீக்கருக்கு 20 மீட்டர் என்றால் போக வர 40 மீட்டர். 1.5 சதுர மி.மீ. மல்டிஸ்ட்ராண்டில் அதன் மின்தடை சுமார் 0.53 ஓம், 2.5-ல் 0.32, 4-ல் 0.2. ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4, ஆகவே 2.5 போதும். 4 ஓம் ஸ்பீக்கரானால் 4 சதுர மி.மீ. போட வேண்டும். ஆனால் மின்சார வயர் ஓடும் பைப்பில் இதைச் சேர்த்து இழுக்க அவரை விடாதீர்கள். தனிப் பைப், இணையாக ஓடினால் ஓர் அடி இடைவெளி, குறுக்கிட்டால் நேர்க்கோணத்தில்.

ஒரு ஸ்பீக்கரில் பிளஸ்-மைனஸ் மாறினால் கனமான கீழ் ஒலி (bass) காணாமல் போகும். ரேக் முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள், ஊஃபர் கோன் வெளியே தள்ளினால் சரி. சப்ஊஃபருக்கு ஸ்பீக்கர் வயர் வேண்டாம். ஆர்ஜி-6 கோஆக்சியலும் பக்கத்தில் 5 ஆம்ப் சாக்கெட்டும் வேண்டும். அதுவும் இரண்டு மூலையில் கொடுங்கள், எந்த மூலையில் நன்றாக ஒலிக்கும் என்பது சோஃபா போட்ட பிறகுதான் தெரியும். சரவுண்ட் ஸ்பீக்கரைக் கூரை மூலையில் ஏற்றிவிடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். அது உட்காருபவரின் இரு பக்கமும், 90 முதல் 110 டிகிரிக்குள், காதைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: கேட் கேமரா பகலில் சரியாக இருக்கிறது, இரவானால் அணைந்து அணைந்து எழுகிறது. – வாசகர், வேலூர்

பதில்: இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிகின்றன, தேவை கூடுகிறது. அந்தக் கூடுதல் மின்சாரத்தை, கேமராவுக்கு மின்சாரமும் கொண்டுவரும் உங்கள் நெட்வொர்க் கேபிள் தாங்கவில்லை. மலிவுச் சுருளில் தாமிரம் பூசிய அலுமினியம் இருக்கும். மின்தடை தாமிரத்தைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. கத்தியால் கம்பியைச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அதுதான். சுத்தத் தாமிரக் கேட்-6, வெயில் தாங்கும் கறுப்பு உறையுடன் போடுங்கள். தூரமும் 90 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: கேஎன்எக்ஸ் (வயர் வழியே இயங்கும் ஆட்டோமேஷன் முறை) போடலாமா, வயர்லெஸ் போதுமா? – வாசகி, சென்னை

பதில்: கட்டி முடித்த வீடு என்றால் வயர்லெஸ். பெரிய வீடு, இன்னும் கான்கிரீட் போடவில்லை என்றால் கேஎன்எக்ஸ் யோசிக்கலாம். அதில் சுவிட்சுக்குப் பச்சை உறைக் கேபிளில் 30 வோல்ட் பஸ் (கருவிகளை இணைக்கும் சிக்னல் லைன்) மட்டும் போகும். ஒவ்வொரு விளக்கின் வயரும் தனித்தனியாக டிபிக்கே (மின் விநியோகப் பெட்டி) வர வேண்டும். வயரும் கூடும், டிபியும் அலமாரி அளவு ஆகும். ஒரு லைன் பகுதிக்கு 64 கருவி, மொத்தக் கேபிள் 1,000 மீட்டர், பவர் சப்ளையிலிருந்து கருவிக்கு 350 மீட்டர் என்பது கணக்கு. சாதாரண வீடு இதைத் தாண்டாது. முக்கியமான விஷயம் வேறு: கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இடிஎஸ் (கேஎன்எக்ஸ் அமைப்பை நிரலிடும் மென்பொருள்) புராஜெக்ட் ஃபைலையும் பாஸ்வேர்டையும் கையில் வாங்குங்கள். அது இல்லாமல் இன்னொருவர் ஒரு பட்டனைக்கூட மாற்ற முடியாமல் திணறுவார். வயர்லெஸ்ஸில் ஜிக்பீ (ஒரு வயர்லெஸ் முறை) என்றால் அதன் ஹப்பை ரவுட்டருக்கு அருகில் வைக்காதீர்கள், இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ்.

கேள்வி: 1 எச்பி போர் மோட்டாரை ஃபோனில் இயக்க 10 ஆம்ப் வைஃபை ரிலே போட்டேன். ஒருநாள் நிற்கவே இல்லை, தொட்டி வழிந்தது. – வாசகர், நாமக்கல்

பதில்: ரிலேயின் காண்டாக்ட் (மின்சாரத்தை இணைத்துப் பிரிக்கும் முனை) ஒட்டிக்கொண்டது. 10 ஆம்ப் என்பது ஹீட்டர் போன்ற சுமைக்கு. மோட்டார் கிளம்பும்போது ஓட்ட மின்னோட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலே ஒரு கான்டாக்டரின் (பெரிய சுமை தாங்கும் மின்காந்த சுவிட்ச்) காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரின் சுமையைக் கான்டாக்டர் தாங்கட்டும். பட்டனை அழுத்திப் பிடித்துக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பெட்டியானால், அதற்கு மின்சாரம் கொடுத்தால் மட்டும் மோட்டார் ஓடாது. தானியங்கி ஸ்டார்ட்டர் வேண்டும். தொட்டி நிறைந்தால் நிறுத்துவதை ஃபோனிடம் விடாமல், ஃப்ளோட் சுவிட்சை நேராகக் காயில் லைனிலேயே கொடுங்கள்.

கேள்வி: பிஎல்டிசி (மின்சாரம் மிச்சப்படுத்தும் மோட்டார்) ஃபேனுக்கு ஸ்மார்ட் ரெகுலேட்டர் போடலாமா? – வாசகர், சேலம்

பதில்: கூடாது. ஃபேனின் உள்ளே இருக்கும் சர்க்யூட் பழுதாகும். வெறும் ஆன்-ஆஃப் லைன் கொடுத்துவிட்டு, வேகத்தை அதன் ரிமோட் மூலமே மாற்றுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மகன் இசட்-வேவ் (ஒரு வயர்லெஸ் முறை) சுவிட்சுகள் வாங்கி வந்திருக்கிறான். மாட்டலாமா? – வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம். அவை 120 வோல்ட்டுக்குச் செய்தவை, நம் 230-ல் புகை வரும். அலைவரிசையும் வேறு. அங்கே 908 மெகாஹெர்ட்ஸ், இங்கே 865. ஊருக்குத் திரும்பும்போது மகனிடமே கொடுத்தனுப்புங்கள்.