குறை தெரிந்தே வாங்கிவிட்டு வழக்கை நம்பலாமா?

கேள்வி: ஈரோட்டில் பிசியோதெரபி மையம் நடத்துகிறேன். 19 லட்சம் ரூபாய் மின்சார கார் ஒன்றுக்கு 50,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். அதற்குப் பிறகு என் கணவரின் நண்பர் வைத்திருக்கும் அதே மாடல் கார் பெருந்துறை அருகே நெடுஞ்சாலையில் நின்றுபோனது. சார்ஜும் ஏறவில்லை. 23 நாள் சர்வீஸ் மையத்தில் கிடந்தது. இதே குறையை வேறு பலரும் சொல்கிறார்கள். அந்த வீடியோக்களை எல்லாம் ஷோரூம் மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்டேன். "மென்பொருளைப் புதுப்பித்துவிட்டோம், இனி வராது" என்றவர், என்னை அவமதிப்பாகவும் பேசினார். இப்போது மாத இறுதிக்குள் எடுத்தால் 1,40,000 ரூபாய் தள்ளுபடி தருவதாகவும், அதற்கு ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். வேண்டாம் என்றால் முன்பணத்தில் 10,000 பிடித்துக்கொள்வார்களாம். "வாங்கிவிடு, பிரச்சினை வந்தால் நுகர்வோர் கோர்ட்டில் முழுப் பணத்தையும் வாங்கிவிடலாம்" என்கிறார் என் மைத்துனர். மையத்தின் பெயரில் பில் போடச் சொல்கிறார் ஆடிட்டர். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். மூன்று பக்கத்துக்கு மேல் மேலாளர் பேசிய விதத்தையே எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வலித்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து எந்த நுகர்வோர் ஆணையமும் உங்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தராது. நான் திரும்பத் திரும்பப் படித்தது கடைசியில் நீங்கள் இணைத்திருக்கும் அந்த ஒரு தாளைத்தான், ஷோரூம் உங்களைக் கையெழுத்திடச் சொல்லும் கடிதத்தை. அதன் மூன்றாவது பத்தி: "வாகனத்தின் தற்போதைய நிலையையும் அதன் மென்பொருள் வரம்புகளையும் முழுமையாக அறிந்து, தள்ளுபடி விலையில் பெற்றுக்கொள்கிறேன். இவை தொடர்பாகப் பின்னர் எந்த உரிமையும் கோரமாட்டேன்."

சட்டத்தின் கண்ணில் உங்கள் விஷயம் முழுவதும் இந்தப் பத்திக்குள் அடங்கிவிடுகிறது. நீங்கள் இன்னும் காரை வாங்கவில்லை. குறை உங்களுக்குத் தெரியும். தெரிந்தே வாங்கினீர்கள் என்பதற்கு உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள், அதற்கு விலையாக 1,40,000 ரூபாயும் தருகிறார்கள். வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் "படிக்காமல் போட்டேன்" என்று வாதாடிப் பார்க்கலாம். பணம் வாங்கிக்கொண்டு போட்ட கையெழுத்துக்கு அந்த வாதம் நிற்காது.

"ஆதாரம் எல்லாம் வாட்ஸ்அப்பில் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செய்திகளை எதிர்த்தரப்பு தன்னுடைய முதல் ஆவணமாகத் தாக்கல் செய்யும். குறையை மறைத்து விற்றார்கள் என்பதுதான் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கின் முதுகெலும்பு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, சாதாரண கவனத்தோடு உண்மையைத் தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தவர், எதிராளியின் தவறான கூற்றையோ மௌனத்தையோ காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க முடியாது என்கிறது. உங்களுக்கு வாய்ப்பு மட்டும் இருக்கவில்லை. பதினோரு வீடியோவை நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள்.

இப்படி ஒருதலையான நிபந்தனை செல்லாது என்று உங்கள் மைத்துனர் சொல்லக்கூடும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற கருத்து இருப்பது உண்மை. ஆனால் அந்த அடிப்படையில் புகார் செய்ய ஈரோடு மாவட்ட ஆணையத்துக்குப் போக முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் முடிக்க வேண்டிய விஷயத்தை ஒரு கையெழுத்தால் சென்னைக்கு ஏற்றிவிடுவீர்கள். பொருள் பொறுப்பு என்ற புதிய அத்தியாயமும் இங்கே கைகொடுக்காது. அது உடலுக்கும் மற்ற சொத்துக்கும் நேரும் தீங்குக்கானது. பொருளுக்கே ஏற்படும் சேதத்தை அந்தச் சட்டமே விலக்கிவைத்திருக்கிறது.

அடுத்து, "முழுப் பணத்தையும் வாங்கிவிடலாம்" என்ற நம்பிக்கை. நான் பார்த்த கட்சிக்காரர்களில் அதிகம் பேர் விழுந்த குழி இதுதான். வாரண்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்வோம் அல்லது மாற்றித் தருவோம் என்ற வாக்குறுதி. காரைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று அதில் எங்கும் இருக்காது. மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: வாரண்டி பாகத்தை மாற்றித் தரத்தான் கட்டாயப்படுத்துகிறது, காரை மாற்றித் தர அல்ல. முழுப் பணம் வேண்டுமென்றால், காரின் அடிப்படையிலேயே சரிசெய்ய முடியாத உற்பத்திக் குறை இருப்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

எப்படி நிரூபிப்பீர்கள்? சட்டம் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறது. ஒரகடத்தில் வாகன ஆய்வு மையம் இருக்கிறது. ஆய்வுக் கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் நீங்கள். சரி, கட்டுகிறீர்கள். ஆனால் உங்கள் கணவரின் நண்பர் காரில் வந்தது எப்போதாவது வரும் குறை. ஆய்வு நாளன்று கார் அழகாக ஓடும். "பரிசோதனையின்போது குறை காணப்படவில்லை" என்று அறிக்கை வரும். குறை வந்த நாளில் என்ன நடந்தது என்ற பதிவு கம்பெனியின் கணினியில் இருக்கிறது, உங்களிடம் இல்லை. பெட்ரோல் காரில் புகை தெரியும், சத்தம் கேட்கும், பக்கத்துத் தெரு மெக்கானிக்கூட சாட்சி சொல்வார். மின்சார காரில் குறையின் சாட்சி எதிராளியின் கையில் இருக்கிறது.

கோயம்புத்தூரைச் சேர்ந்த என் கட்சிக்காரர் ஒருவர் இதே நிலையில் வந்தார். ஒரு பிளாஸ்டிக் உறையில் ஏழு ஜாப் கார்டுகள் (குறையையும் செய்த வேலையையும் சர்வீஸ் மையம் எழுதித் தரும் தாள்கள்) வைத்திருந்தார். ஏழு முறை கார் பழுதாகியிருக்கிறது, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார். ஒவ்வொன்றாக மேசையில் விரித்துப் படித்தேன். "ஓடும்போதே நின்றுவிடுகிறது" என்று அவர் சொன்னதை, ஊழியர் "பொதுப் பரிசோதனை" என்று எழுதியிருந்தார். ஐந்து கார்டுகளில் "குறை தென்படவில்லை." ஏழிலும் வலது கீழ் மூலையில், "வேலை எனக்குத் திருப்தி" என்ற அச்சு வரியின் கீழ் இவருடைய கையெழுத்து. ஏன் போட்டீர்கள் என்றேன். "போட்டால்தான் சாவி தருவார்கள் சார். மணி ஆறரை, பையனைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும்" என்றார். அந்த மனிதர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்த ஏழு கையெழுத்தும் அவருக்கு எதிராகத்தான் பேசின.

கோபத்தில் அவர் இன்னும் இரண்டு காரியம் செய்திருந்தார். காரை சர்வீஸ் மையத்திலேயே விட்டுவிட்டு வந்தார். மாதத் தவணையை நிறுத்தினார். கடன் கொடுத்த வங்கிக்கும் காரின் குறைக்கும் சம்பந்தமே இல்லை. வங்கி நோட்டீஸ் அனுப்பியது, அவருடைய கடன் மதிப்பெண் சரிந்தது, காரை நிறுத்திவைத்ததற்கு சர்வீஸ் மையம் கட்டணம் கேட்டது. கடைசியில் சமரசத்தில்தான் முடித்தோம்: பாகத்தை மாற்றினார்கள், வாரண்டியை ஒரு வருடம் நீட்டித்தார்கள், வழக்குச் செலவு கொடுத்தார்கள். முதல் மாதமே கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தீர்வு அது.

"இனி வராது" என்று மேலாளர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு கம்பெனியை இழுக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். கோவாவில் ஒருவருக்கு 2011 மாடல் என்று சொல்லி 2009இல் தயாரான காரை ஷோரூம் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021இல் தீர்ப்பு வந்தது: டீலர் செய்தது தயாரிப்பாளருக்குத் தெரியும் என்று காட்டாதவரை, தயாரிப்பாளர் அதற்குப் பொறுப்பல்ல. பத்து வருடம் கழித்து டாடா மோட்டார்ஸ் அந்த வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டது. உங்கள் மேலாளர் அடுத்த வருடம் வேறு ஷோரூமில் வேலை பார்ப்பார். அவருடைய வாய்வார்த்தையும் அவரோடு போய்விடும்.

பில் உங்கள் சொந்தப் பெயரில்தான் இருக்க வேண்டும். மையத்தின் பெயரில் போட்டால் எதிர்த்தரப்பின் முதல் வரியே "வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல" என்பதாக இருக்கும். நிறுவனம் தன் இயக்குநரின் பயன்பாட்டுக்கு வாங்கிய கார் வணிக நோக்கமாகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆகவே நீங்கள் ஜெயிக்கலாம். ஆனால் அந்த ஒரு வாதத்தைத் தாண்டவே வருடங்கள் ஓடும். ஆடிட்டர் வரியைப் பார்க்கிறார், வழக்கைப் பார்ப்பது அவர் வேலை அல்ல.

இனி முடிவு. 10,000 ரூபாயை விட்டுவிட்டு 40,000 ரூபாயை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அந்தப் பிடித்தம் நியாயமா என்று கேட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் அவர்கள் பிடிக்கக்கூடாது என்று வாதாடலாம், ஜெயிக்கவும் கூடும். ஆனால் 10,000 ரூபாய்க்காக நீங்கள் ஆணையத்தின் வாசலில் நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் மையத்தில் நோயாளிகள் காத்திருப்பார்கள். ஒரு கண்டிப்பு மட்டும்: பணம் வங்கிக் கணக்கில் வந்த பிறகுதான் முன்பண ரசீதின் அசலைக் கொடுக்க வேண்டும்.

அந்தக் கார்தான் வேண்டும் என்றால் (உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்தால் மனம் இன்னும் அதன் பக்கமே இருக்கிறது) தள்ளுபடியை மறந்துவிடுங்கள். அந்த மூன்றாவது பத்தி இல்லாமல், முழு விலைக்கு வாங்குங்கள். மீதித் தொகையைக் கட்டும் முன் டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் ஒரே மின்னஞ்சலில் சாஸி எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: இந்தக் காருக்கு ஏதாவது திரும்ப அழைப்பு அறிவிப்பு உண்டா, அந்தப் பழுதுக்கான திருத்தம் இந்தக் காரில் செய்யப்பட்டிருக்கிறதா, அதே பழுது மீண்டும் வந்தால் எத்தனை நாளில் பாகம் மாற்றப்படும், அதுவரை மாற்று கார் உண்டா. கேட்பதில் தவறே இல்லை. 2024இல் ஹூண்டாய், சார்ஜிங் கட்டுப்பாட்டுப் பாகத்தின் குறைக்காக இந்தியாவில் 1,744 ஐயானிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. குறையை எழுத்தில் ஒப்புக்கொண்டு சரிசெய்வது இந்தத் தொழிலில் நடக்கிற காரியம்தான். தயாரிப்பாளரிடமிருந்து எழுத்தில் பதில் வந்தால், அதுதான் நாளை உங்கள் முதல் ஆவணம். பதில் வராவிட்டால், அந்த மௌனத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டு 40,000 ரூபாயோடு திரும்பிவிடுங்கள்.

வாங்கிய பிறகு ஜாப் கார்டில் உங்கள் வாயால் சொன்ன குறை அப்படியே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். திருப்தி வரிக்கு மேல் "குறை நீடிக்கிறதா என்று ஓட்டிப் பார்த்த பிறகே சொல்ல முடியும்" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுதவிடாவிட்டால் அன்று இரவே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அந்தத் தாளை மேலாளர் மறுபடியும் நீட்டினால், நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து வேண்டாம். இனி அவரோடு தொலைபேசியிலும் பேச வேண்டாம்.