கேள்வி – பதில்: அம்மாவின் ஜீவிய சரித்திரம்

கே: அம்மா 88 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நினைவு ஆராதனையில் ஜீவிய சரித்திரம் வாசிக்க ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். எழுதியதோ ஏழு பக்கம். எதை வெட்டுவது?

ப: ஐந்து நிமிடத்துக்கு 400 சொல் போதும். பாதியில் குரல் தழுதழுத்து நிற்க நேரும். அதற்கும் இடம் வேண்டும்.

முதலில் போக வேண்டியவை அடைமொழிகள். 'ஜெப வீராங்கனை', 'அன்பின் சிகரம்' என்பவற்றை யாருடைய பெயருக்கு முன்னாலும் வைக்கலாம் என்பதுதான் அவற்றின் குறை. வேதாகமத்தில் அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில், ஏழைகளுக்கு உதவிவந்த தொற்காள் என்ற பெண் இறந்தபோது விதவைகள் பேதுருவிடம் அவளை வர்ணிக்கவில்லை. அவள் தைத்துக்கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டினார்கள். நீங்களும் அங்கியைக் காட்டுங்கள். 'பல்லாண்டு ஊழியம் செய்தார்' என்ற வரியை அடித்துவிட்டு, ஓய்வுநாள் பள்ளியில் எந்த வகுப்பை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை நடத்தினார் என்று எழுதுங்கள். நற்கருணை மேசை விரிப்பைத் துவைத்து மடித்தது அவர்தான் என்றால் அதையும் எழுதுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெண்கள் ஐக்கியத்தின் குறிப்பேட்டில் செயலாளர், பொருளாளர் பெயர்கள் இருக்கும். பிரசவ வீட்டில் விடிய விடிய விழித்திருந்தவர் பெயர் இருக்காது. அது மனிதர்களிடம்தான் கிடைக்கும். 'அம்மா எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் 'நல்லவங்க' என்று பதில் வரும், அதற்கு மேல் நகராது. 'உங்களுக்காக அவர் செய்த ஒரு காரியம் சொல்லுங்கள்' என்று நான்கைந்து பேரிடம் கேளுங்கள். அவர்களில் ஒருவராவது உறவுக்கு வெளியே இருக்கட்டும்.

அடுத்து வெட்ட வேண்டியது அப்பாவின் பணிமாற்றப் பட்டியல். மனைவியின் சரித்திரம் பாதியில் கணவரின் சரித்திரமாக மாறிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பேரப்பிள்ளைகளின் படிப்பும் பதவியும் வேண்டாம், எண்ணிக்கை போதும். நோயின் விவரம் இரண்டு வரியைத் தாண்டக் கூடாது. பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் மூன்றும் சேர்ந்து 60 சொல், மண வாழ்வுக்கு 80, ஊழியத்துக்கு 200, மிச்சம் கடைசி நாட்களுக்கும் நன்றிக்கும்.

கே: பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, ஞானஸ்நானப் பதிவேட்டில் வேறொன்று. எதைப் போடுவது?

ப: குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றிருந்தால் பதிவேட்டை நம்பலாம், பிறந்த சில மாதங்களுக்குள் எழுதப்பட்டது அது. பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்வது சகஜமாக இருந்தது. வளர்ந்தபின் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர் என்றால் அந்தப் பதிவும் அவர் வாய்ச்சொல்தான். அப்போது பழைய குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் ஆண்டை மட்டும் போடுங்கள்.

மண வாழ்வின் ஆண்டுக் கணக்கிலும் பிழை வரும். மே 1959-இல் திருமணம், பிப்ரவரி 2014-இல் கணவர் மறைவு என்றால் நிறைவானவை 54 ஆண்டுகள். வெறுமனே கழித்தால் 55 என்று வந்துவிடும்.

கே: அப்பா கோபக்காரர். 'இணைபிரியாத் தம்பதி' என்று எழுத மனம் ஒப்பவில்லை.

ப: எழுதாதீர்கள். வீட்டின் சத்தத்தைக் கேட்டவர்கள் ஆலயத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஒரு வரியைக் கேட்டதும் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்கள். அதற்காகக் கோபத்தை மேடையேற்றவும் வேண்டாம். இருவரும் சேர்ந்து செய்தவற்றை மட்டும் சொல்லுங்கள்: நடத்திய குடும்ப ஜெபம், கட்டிய வீடு, படிக்க வைத்த பிள்ளைகள். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதி புதிய ஏற்பாட்டில் ஆறு இடங்களில் வருகிறார்கள், ஆறிலும் சேர்ந்தே. அவர்களுடைய பாசத்தைப் பற்றி அங்கே ஒரு சொல் கிடையாது. கூடாரம் செய்தார்கள், வீட்டில் சபை கூடியது, அப்பொல்லோ என்ற பிரசங்கிக்குத் தேவனுடைய மார்க்கத்தை விளக்கினார்கள் என்றுதான் இருக்கிறது.

கே: நினைவு அட்டையில், அம்மா அப்பாவிடம் சொல்வதுபோல ரூத் 1:16 ('நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன்') போடலாமா?

ப: அது ரூத் தன் மாமியார் நகோமியிடம் சொன்னது. மருமகள் போட்டால் அழகாகப் பொருந்தும். உங்களுக்கு நீதிமொழிகள் 31:28 ஏற்றது; அவளைப் புகழும் பிள்ளைகளும் கணவரும் ஒரே வசனத்தில் வருகிறார்கள். அம்மா வாசித்த மொழிபெயர்ப்பிலிருந்தே பார்த்து எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதினால் இரண்டு மொழிபெயர்ப்புகள் கலந்துவிடும். ஆராதனையில் பாடும் பாட்டின் எண்ணையும் ஆலயத்தில் இருக்கும் பாட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும்.