கடல் ஏரியான ஊர்கள்

கேள்வி: யாழ்ப்பாணக் கோட்டையை ஐங்கோண வடிவில் அமைத்த ஒல்லாந்தரின் நாட்டில், வடக்கேயுள்ள பிரீஸ்லாந்துப் பகுதியின் பழைய சிறு நகரங்களில், இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சாதாரண மக்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள்? – வாசகர் ஒருவர், குருநகர்

பதில்: பிரீஸ்லாந்தில் நகர உரிமை பெற்ற பழைய ஊர்கள் பதினொன்று. பெயர்தான் நகரம், அவற்றுள் ஸ்லோட்டன் நம்மவர் கணக்கில் ஒரு கிராமத்துக்கும் காணாது. ஒரு காலத்தில் கடல் வணிகத்தால் செழித்த ஸ்தாவொரன், ஹிண்டலோப்பன் ஆகியவை அப்போது மெலிந்துபோயிருந்தன. பகுதியைத் தாங்கியது பசுதான். சுற்றுப்புறப் புல்வெளிகளில் கறந்த பால் கூட்டுறவுப் பாலாலைகளுக்குச் சென்றது. அத்தகைய ஆலை நெதர்லாந்தில் முதன்முதலாக 1886 இல் தொடங்கப்பட்டதும் பிரீஸ்லாந்தின் வார்கா கிராமத்திலேயே.

கால்வாய்களே தெருக்களாக இருந்த நாட்டில், முற்றா நிலக்கரியும் எருவும் உருளைக்கிழங்கும் தட்டையான அடியுள்ள பாய்த்தோணிகளில் ஊர் ஊராகச் சென்றன. தோணிக்காரரின் குடும்பம் தோணியிலேயே வாழ்ந்தது. காற்று விழுந்த நாட்களில் மனைவியும் பிள்ளைகளும் தோளில் வடம் பூட்டிக் கரையோரமாக அதை இழுத்தனர். பழைய படங்களில் அழகாகத் தெரியும் இந்தப் பாய்களுக்குப் பின்னால் இருந்தது இந்த உழைப்பே. மோட்டார்ப் படகும் லொறியும் அவர்களின் பிழைப்பை மெல்ல மெல்லப் பறித்தன. கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்தால் பதினொரு ஊர்களையும் பனிச்சறுக்கில் சுற்றிவரும் ஏறக்குறைய 200 கிலோமீற்றர்ப் போட்டி நடைபெறும். அக்காலத்தில் 1929, 1933 ஆகிய ஆண்டுகளில் மட்டுமே அதற்கு வாய்த்தது.

கடற்றொழிலாளர் வாழும் குருநகரிலிருந்து கேட்கும் தங்களுக்கு அணையின் கதையே நெருக்கமாக இருக்கும். 1916 ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின், பொறியியலாளர் கொர்னேலிஸ் லேலியின் திட்டம் 1918 இல் சட்டமாகி, 32 கிலோமீற்றர் நீளமான அணை 1932 மே 28 அன்று, பிரீஸ்லாந்தின் தென்மேற்குக் கரையைத் தொட்டிருந்த சௌடர்சே என்னும் உட்கடலை அடைத்தது. தொண்டைமானாற்றுக் கதவணையால் நம் கடல்நீரேரியை நன்னீராக்க எண்ணியதும் இதே நோக்குடையதே, ஆனால் அளவில் ஒப்பிட முடியாதது. அங்கே உப்பு நீர் சில ஆண்டுகளில் நன்னீராகியது. அதனோடு நெத்தலியும் ஹெரிங் மீனும் மறைந்தன. இழப்பை முன்கூட்டியே அறிந்த அரசு 1925 இலேயே மீனவருக்கான உதவிச் சட்டத்தை இயற்றியிருந்தது. வெள்ளத்திலிருந்து காத்த அணையை எவரும் குறைகூற இயலாது. எனினும் அதன் விலையை முதலில் செலுத்தியவர்கள் கரையோர வலைகாரரே. அவர்களுள் சிலர் விலாங்கு பிடித்துத் தொழிலைத் தொடர, ஏனையோர் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.