ஆள்காட்டியை ஏமாற்ற முடியுமா?

● கல்லூரியில் படிக்கும் என் மகன், வெளிநாட்டு வில்வேட்டை வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஆன்லைனில் மரவில் ஒன்று வாங்கியிருக்கிறான். “துப்பாக்கிக்குத்தாம்மா தடை, வில்லுக்கு இல்ல. கம்மாய்க்கரையில முயல் அடிக்கப் போறேன்” என்கிறான். சரிதானா ஐயா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

தப்பு, தாயி. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘ஆயுதம்’ என்று சொல்லும் பட்டியலிலேயே வில்லும் அம்பும் இருக்கின்றன. வலை, கண்ணி, கத்தி, விஷம் எல்லாம் அதே வரிசைதான். அடித்தால் மட்டும்தான் வேட்டை என்றும் நினைக்க வேண்டாம். விரட்டுவது, கண்ணி வைப்பது, முயன்று கோட்டை விடுவது எல்லாமே வேட்டைதான். மணல் மூட்டையைக் குறிவைத்து எவ்வளவு வேண்டுமானாலும் எய்து பழகட்டும், யாரும் கேட்கப்போவதில்லை.

ஆனால் பையனைத் திட்டாதீர்கள். அவன் பார்க்காமல் ஓட்டிவிட்டிருக்கக்கூடிய பகுதி ஒன்று அந்த வீடியோக்களில் உண்டு. அதை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மரவில்காரர்கள் பெரும்பாலும் 20 கெஜத்துக்கு மேல் அம்பு விடமாட்டார்கள். அம்பு விநாடிக்கு 50 மீட்டர் சொச்சம் போகும். நாண் அதிரும் சத்தமோ 340 மீட்டர் வேகத்தில் முந்திக்கொண்டு போய்விடும். அம்பு வந்து சேர்வதற்குள் மான் குனிந்து துள்ளிவிடும். அதனால் அந்த 20 கெஜத்துக்குள் போய்ச் சேருவதற்கே பாதி நாள் ஆகும். எய்வது கண் இமைக்கிற நேரம்.

அமெரிக்காவில் யாஹி என்ற பழங்குடி இனத்தின் கடைசி மனிதராக 1911ல் வெளியுலகத்துக்கு வந்த இஷி, தனக்கு வைத்தியம் பார்த்த சாக்ஸ்டன் போப் என்ற டாக்டருக்கு வில்வித்தை சொல்லிக்கொடுத்தார். வேட்டைக்கு முந்தின நாள் இஷி புகைக்கமாட்டார், மீன் தின்னமாட்டார். விடிகாலையில் ஓடையில் குளித்து, வாசனைத் தழையை உடம்பில் தேய்த்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு கிளம்புவார். எங்கள் தாத்தாவுக்கு இஷி யாரென்று தெரியாது. ஆனால் காட்டுக்குக் கிளம்பும் நாளில் அவரும் சுருட்டைத் தொடமாட்டார்.

● சிவராத்திரிக்குப் பாரிவேட்டை போகாவிட்டால் சாமி குத்தம் என்கிறார்களே எங்கள் ஊர்ப் பெரியவர்கள்?
– வாசகர், நத்தம்

நானே போயிருக்கிறேன், பத்து வயசில். அப்போது இந்தச் சட்டம் வரவில்லை. நாய், வலை, கம்பு, கையில் வளரி என்ற எறிதடியோடு இரண்டு கிழவர்கள். நாள் முழுக்க அலைந்து கிடைத்தது ஒரு முயல். அதை ஊர் முழுக்கப் பங்கு போட்டார்கள், எனக்கு ஒரு எலும்பு. சாமி அன்றைக்கே ஒன்றும் பெரிதாகச் சாப்பிடவில்லை ஐயா. இப்போது ஊர் எல்லைவரை மேளத்தோடு போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் கோபித்துக்கொள்ளவா போகிறது?

● வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூற்றின் 152ஆம் பாட்டு சொல்கிறதே. நடக்கிற காரியமா?
– வாசகர், மேலூர்

பரிசில் வாங்கப் போன இடத்துப் பாட்டு, கணக்குக் கேட்கக் கூடாது. எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி உடும்பு. அதைப் புற்றிலே வைத்திருக்கிறார் புலவர். உடும்பு கரையான் புற்றில் தங்கும், முட்டையும் இடும். காட்டில் நடந்தவர் சொல்!

● அரிட்டாபட்டிக்கு இரண்டு தடவை போய்விட்டேன். 250 வகைப் பறவை என்கிறார்கள், நான் பார்த்தது காக்கையும் மயிலும். குடும்பத்தோடு எட்டுப் பேர் போயிருந்தோம். காலை பத்து மணிக்கே போய்விட்டோம்.
– வாசகர், அண்ணாநகர், மதுரை

பத்து மணிக்கே! நீங்கள் எதையும் பார்க்குமுன்பே உங்கள் எட்டுப் பேரையும் ஆள்காட்டிக் குருவி பார்த்திருக்கும். சும்மாவா அதற்கு அந்தப் பெயர்? அது ஒரு தடவை கத்திவிட்டால், அந்தப் பக்கம் கீரிகூடத் தலைகாட்டாது. தாத்தா அதைக் கெட்ட வார்த்தையில்தான் கூப்பிடுவார்.

2022ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம் அது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு எல்லாம் உண்டு. விடியுமுன் போங்கள், இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை கூடாது. சட்டைப்பையில் கொஞ்சம் எருக்கம்பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இழையை விட்டால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்டிவிடும். இது தாத்தாவின் தந்திரம். அமெரிக்க வில்காரர்களும் எருக்கின் சொந்தக்காரச் செடி ஒன்றின் பஞ்சை இதற்கே வைத்திருக்கிறார்கள் என்று படித்தபோது சிரித்துவிட்டேன். விடியற்காலையில் காற்று பாறையிலிருந்து கீழே இறங்கும், அப்போது அடிவாரத்தில் இருங்கள். வெயில் ஏறினால் காற்றும் சரிவில் ஏறும். உங்கள் வாசனை உங்களுக்கு முன்னால் மலையேறிவிடும்.

அப்புறம், நடக்காதீர்கள். பாறையில் முதுகைச் சாய்த்து முக்கால் மணி நேரம் உட்காருங்கள். முதல் இருபது நிமிஷம் ஒன்றும் நடக்காது, கொசுதான் கடிக்கும். போன மார்கழியில் நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது புதருக்குள்ளிருந்து ஒரு கீரி வந்தது. கழற்றி வைத்திருந்த என் செருப்பை முகர்ந்து பார்த்தது. பிடிக்கவில்லைபோல, தும்மிவிட்டுப் போனது.