பாதி முடிந்த கேமுக்கு எதற்கு இணையப் பக்கம்?

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறாள். "சுரங்கம், விளக்கு என்று ஏதோ ஒரு வீடியோ கேம்" தனியாகச் செய்துகொண்டிருக்கிறாள். அது பாதிகூட முடியவில்லை; அதற்குள் ஓர் இணையதளம், வீடியோ, வாராவாரம் பதிவு என்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதிலேயே போய்விடுகிறது. வேலையை முடித்துவிட்டு விளம்பரம் செய்தால் போதாதா, இது ஒரு பிழைப்பாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருப்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாகச் செய்த முதல் கேம் ஒருவருக்குச் சோறு போடுவது அரிது. கணினி கேம்களுக்கான பெரிய கடையான ஸ்டீமில் மட்டும் இப்போது ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய கேம்கள் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை யார் கண்ணிலும் படாமலே போகின்றன. "கேம் விற்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற கணக்கில் மகள் இருந்தால், அந்தக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். படிப்பை முடிக்கட்டும், வேலைக்கும் விண்ணப்பிக்கட்டும்.

ஆனால் கேம் விற்காமல் போனாலும் அவள் கையில் மிஞ்சுவது ஒன்று உண்டு. அவள் என்ன செய்தாள், எப்படிச் செய்தாள் என்பதற்கு இணையத்தில் இருக்கும் சான்றுதான் அது. கேம் நிறுவனங்களில் ஆள் எடுப்பவர்கள் மதிப்பெண்ணைவிட போர்ட்ஃபோலியோவை, அதாவது செய்துகாட்டிய வேலைகளின் தொகுப்பைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள். விண்ணப்பத்தில் பத்து வரிகளில் எழுதிய திறமைகளைவிட, சொடுக்கியதும் ஓடுகிற ஒரு சிறு கேமை அவர்கள் நம்புவார்கள். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் விளம்பரச் செலவில் எழுதாதீர்கள். அவளுடைய பயோடேட்டா அங்கேதான் உருவாகிக்கொண்டிருக்கிறது.

"முடித்த பிறகு செய்யலாமே" என்பதற்கும் ஒரு விளக்கம் வேண்டும். ஸ்டீமில் கேம் வெளியாவதற்கு முன்பே அதற்கென ஒரு பக்கம் திறக்கலாம். அதைப் பார்த்துப் பிடித்துப்போன ஒருவர் 'விஷ்லிஸ்ட்' பொத்தானை அழுத்தி வைத்தால், கேம் வெளியாகும் நாளில் அந்தக் கடையே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பும். பக்கம் இல்லாத ஒவ்வொரு மாதமும் அப்படி அழுத்தியிருக்கக்கூடிய ஆட்களை இழந்த மாதம். விதிப்படி பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது முன்னதாக இருந்தாக வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் பல மாதங்கள் முன்பே திறந்துவிடுவார்கள். ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம் கட்ட வேண்டும். கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் வெளியிட முடியும். கேம் 1,000 டாலர் வருமானம் ஈட்டினால் அந்த 100 டாலர் திரும்பக் கிடைக்கும்.

ஸ்டார்டியூ வேலி என்ற கேமை எரிக் பரோன் ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் தனி ஆளாக உருவாக்கி 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். முடியும்வரை அவர் அதை மூடி வைத்திருக்கவில்லை. செய்துகொண்டிருக்கும்போதே தன் தளத்தில் படமும் குறிப்புமாகப் போட்டுவந்தார். அதனால் வெளியான நாளில் வாங்குவதற்கு ஆட்கள் காத்திருந்தார்கள். அவருக்குக் கிடைத்த வெற்றி எல்லாருக்கும் கிடைக்காது. ஆனால் அந்தப் பழக்கம் எல்லாருக்கும் கைவரக்கூடியது.

மகளின் தளத்தையும் வீடியோவையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இனி வருவதை அவளிடம் கொடுத்துவிடுங்கள். அவளிடமே பேசுகிறேன்.

முதலில் உனக்கென்று ஒரு டொமைன் பெயர், அதாவது சொந்த இணைய முகவரி வாங்கு. சமூக ஊடகத்தில் எத்தனை பேர் பின்தொடர்ந்தாலும் அது வாடகை வீடுதான். வைன் என்ற குறும்வீடியோ தளம் 2017 ஜனவரியில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் என்ற சமூக ஊடகம் 2019 ஏப்ரலில் போனது. அங்கே ஆண்டுக்கணக்கில் ஆள் சேர்த்தவர்கள் வேறு இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. சொந்த முகவரி இருந்தால், எந்தத் தளம் மூடினாலும் உன்னைத் தேடுபவர் வந்து சேர ஓரிடம் இருக்கும்.

அந்த முகவரியை இழக்காமல் காப்பதும் உன் வேலைதான். என்னிடம் ஆலோசனைக்கு வந்த மாணவர் ஒருவர், கல்லூரி கொடுத்த மின்னஞ்சலை வைத்து டொமைன் வாங்கியிருந்தார். படிப்பு முடிந்தது, அந்த மின்னஞ்சல் கணக்கும் முடிந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. ஒரு நாள் நேர்காணலுக்கு முன் நாங்கள் இருவரும் சேர்ந்து அவர் பயோடேட்டாவில் இருந்த இணைப்பைத் திறந்தோம். யாரோ ஒருவருடைய கடன் விளம்பரம் வந்தது. அவர் முகம் போன விதம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து எல்லாரிடமும் முதல் வேலையாக இதைச் சொல்கிறேன்: நிரந்தரமான சொந்த மின்னஞ்சல், தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு, இரண்டு கட்டச் சரிபார்ப்பு.

தளம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஒரே பக்கம் போதும். மேலே கேம் ஓடும் காட்சி, அதன் கீழே ஒரு வாக்கியம், அதன் கீழே "இங்கே விளையாடலாம்" என்ற பொத்தான், அடியில் தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல். நான் பார்க்கும் மாணவர் தளங்களில் பாதியில் அந்தப் பொத்தானே இருக்காது. "என் பயணம்", "என் கனவு" என்று மூன்று பத்திகள் இருக்கும்; கேம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

விளையாடக் கொடுக்க, சிறு கேம்களை ஏற்றி வைக்கும் இட்ச்.ஐஓ என்ற இணையதளம் நல்ல இடம். 2013லிருந்து இருக்கிறது, பதிவேற்றக் கட்டணம் கிடையாது. விற்பனையில் தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதைக்கூட நீயே முடிவுசெய்யலாம், பூஜ்ஜியம் என்றாலும் சரி. பிரௌசரிலேயே ஓடும்படி ஏற்றிவிட்டால் இன்னும் நல்லது. ஆள் எடுப்பவர் அலுவலகக் கணினியில் உன் கேமை இறக்கி நிறுவ மாட்டார்; ஆனால் ஒரு சொடுக்கில் ஓடினால் இரண்டு நிமிடம் விளையாடிப் பார்ப்பார். செலஸ்ட் என்ற கேம் 2015இல் நான்கு நாட்களில் செய்த ஒரு சிறு கேமாகத்தான் தொடங்கியது. முழுக் கேம் 2018இல் வந்தது. வேம்பயர் சர்வைவர்ஸ்கூட 2021இல் முதலில் இட்ச்.ஐஓவில்தான் தலைகாட்டியது. சிறிதாக இருக்கிறதே என்று ஒளித்து வைக்காதே.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். உன் தளத்தில் இப்போது இப்படி இருக்கிறது: "மர்மங்கள் நிறைந்த உலகில் மறக்க முடியாத ஒரு சாகசம்." இதை எந்தக் கேமுக்கும் எழுதலாம். உன் அம்மா எழுதிய கடிதத்திலிருந்தே நான் ஒன்று எழுதிப் பார்த்தேன்: "விளக்கில் எண்ணெய் குறையக் குறைய வரைபடம் அழிந்துகொண்டே வரும், முழுதும் அழிவதற்குள் சுரங்கத்திலிருந்து வெளியேற வேண்டும்." விளையாடுபவர் என்ன செய்வார், அவருக்கு எது நெருக்கடி என்ற இரண்டும் இதில் வந்துவிட்டன. படித்தவுடன் 'எண்ணெயை எங்கே நிரப்புவது?' என்று ஒருவர் யோசிக்கத் தொடங்கினால் அந்த வாக்கியம் வேலை செய்கிறது என்று பொருள். இப்படி இருபது எழுதிப் பார், ஒன்றை வைத்துக்கொள்.

காட்சித் துண்டுக்கும் இதே அளவுகோல்தான். உன் வீடியோ முதல் ஐந்து வினாடி உன் பெயரையும் சின்னத்தையும் காட்டுகிறது, பிறகு மலைமேல் மேகம் நகர்கிறது, பதினான்காவது வினாடியில்தான் விளக்கு வருகிறது. அதற்குள் பார்ப்பவர் போயிருப்பார். விளக்கு மங்கும் அந்த நொடியிலிருந்து தொடங்கு. பெயர் கடைசியில் வரட்டும். கடையில் தெரியும் முகப்புப் படத்தையும் கைபேசியில் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பார். கேமின் பெயர் படிக்க முடிகிறதா? முடியாவிட்டால் திரும்ப வரையத்தான் வேண்டும். இந்த ஒரு படத்துக்கு மட்டும் ஓவியருக்குப் பணம் கொடுப்பது தப்பில்லை என்பது என் கருத்து.

எல்லா ஊடகங்களிலும் இருக்க வேண்டும் என்று ஓடாதே. ஒன்றோ இரண்டோ போதும். ஸ்டீம் நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற டெமோ விழாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: ஒரு கேம் அதில் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ளலாம். ஆசைப்பட்டு அரைகுறை டெமோவோடு இறங்கிவிடாதே.

எழுதுபவர்களுக்கும் வீடியோ செய்பவர்களுக்கும் ஒரு 'பிரஸ் கிட்' பக்கம் வை. விளக்கம், ஸ்கிரீன்ஷாட்கள், ட்ரெய்லர், வெளியீட்டு நாள், மின்னஞ்சல் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் அவர்கள் உன்னிடம் கேட்டுக் காத்திருக்க வேண்டாம்.

வேலை தேடும்போது அதே தளத்தில் இன்னொரு பக்கம் சேர். அதில் ஒவ்வொரு கேமிலும் உன் கைப்பட்டது எது என்று பிரித்து எழுது. இசை வாங்கியது என்றால் வாங்கியது என்று போடு, யாருடையது என்று பெயரும் போடு. "வரைபடம் அழியும் முறையை மூன்று விதமாகச் செய்து பார்த்தேன், முதல் இரண்டும் ஏன் சரிவரவில்லை" என்று அரைப் பக்கம் எழுதினால், நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். உனக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்து பேச்சு தொடங்கும். வேலை கிடைத்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், சொந்த நேரத்தில் செய்யும் கேம் யாருக்குச் சொந்தம் என்ற பிரிவைக் கட்டாயம் படி. புரியாவிட்டால் எழுத்தில் விளக்கம் கேள். ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் கேமின் பெயரைக் குறிப்பிட்டு விலக்கு வாங்கிக்கொள்.

பாதுகாப்பைப் பற்றி உன் அம்மா கேட்கவில்லை, ஆனால் அவர் மனதில் அது இருக்கும். வீட்டு முகவரியோ சொந்தக் கைபேசி எண்ணோ எங்கும் போடாதே. டொமைன் பதிவில் விவரம் மறைக்கும் வசதியை எடுத்துக்கொள். முகத்தைக் காட்டாமலே, ஸ்டுடியோ பெயரில் மட்டும் இயங்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். இழிவாக வரும் செய்திகளுக்குப் பதில் எழுத வேண்டிய கடமை உனக்கு இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு தடை செய்துவிடு, வீட்டில் ஒருவரிடமாவது சொல்.

கேம் பக்கம் திறந்த சில நாட்களிலேயே, "எனக்கு லட்சம் பேர் பார்வையாளர்கள், ஐந்து இலவசக் கீ அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல்கள் வரும். கீ என்பது கேமைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள உதவும் குறியீடு. அந்த மின்னஞ்சல்களில் பல, கீயை வாங்கி வேறெங்காவது விற்பவர்களிடமிருந்து வருபவை. அவர்கள் சொல்லும் சேனலைத் திறந்து, அங்கே கொடுத்திருக்கும் மின்னஞ்சலும் உனக்கு எழுதியவரின் மின்னஞ்சலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று பார். "என் கேமைச் சோதித்துப் பாருங்கள்" என்று முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் திறக்கவே திறக்காதே. கணக்கைத் திருட அது பழைய வழி.

மறுபடியும் உங்களிடம் வருகிறேன், அம்மா. ஞாயிறு முழுவதும் என்பது அதிகம்தான். அரை நாள் பக்கத்துக்கு, மீதி கேமுக்கு என்று அவளே பிரித்துக்கொள்ளட்டும். எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த எண் ஏறினாலும் இறங்கினாலும் அவள் வேலையைப் பற்றி எதுவும் சொல்லாது.

அதற்குப் பதிலாக, வருகிற ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை உங்களுக்கு விடச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை நீங்களே திறந்து, பொத்தானை நீங்களே தேடி, சுரங்கத்துக்குள் போய்ப் பாருங்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. எந்த விசையை அழுத்துவது என்று தெரியாமல் நீங்கள் நிற்கும் இடத்தை அவள் ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும்.