எந்தச் சங்கம் என்று கேட்காதீங்க தம்பி, என்ன வேலை என்று கேளுங்க

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதியிருக்கும் தம்பிக்கு,

பாலக்காட்டுச் சித்தூர் காலேஜில் படிப்பை முடித்துவிட்டு ஆகஸ்டில் அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கக் கிளம்புறீங்க. கேம்பஸில் நடக்கும் விழா, கிளப் இதிலெல்லாம் எப்படிக் கலந்துகொள்வது, தமிழ்ச் சங்கத்தில் சேருவதா மலையாளி சங்கத்தில் சேருவதா, குக்கர் எத்தனை லிட்டர், கோட் ஊரிலேயே வாங்கணுமா, பார்ட் டைம் வேலை கிடைக்குமா என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கீங்க. குக்கர் மூன்று லிட்டர் போதும். கோட் இங்கே வந்து வாங்கிக்கலாம். இதற்கெல்லாம் பதில் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்காங்க. சங்கம் பற்றிக் கேட்டீங்க பாருங்க, அதை மட்டும் நான் விரிவாகச் சொல்லியே ஆகணும்.

நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். கேரளா ரேஷன் கார்டு, தமிழ் மீடியம் பள்ளிக்கூடம், ஜவுளி எடுக்கப் பொள்ளாச்சி, கலெக்டர் ஆபீசுக்குப் பாலக்காடு. 2003 ஆகஸ்டில் ஒஹாயோவில் ஒரு யூனிவர்சிட்டிக்கு வந்து இறங்கினேன். ஏர்போர்ட்டுக்கு வேன் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் இந்திய மாணவர் சங்கத்து சீனியர்கள். பெட்டியைத் தூக்கி வைத்து, வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுத்து, அறை கிடைக்கும்வரை தங்கள் அபார்ட்மென்ட் ஹாலில் படுக்க இடமும் கொடுத்தார்கள். அந்த உதவியை இன்றும் நான் மறக்கவில்லை. உங்க யூனிவர்சிட்டியில் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் கூச்சப்படாமல் முன்கூட்டியே எழுதிக் கேளுங்க.

ஆனால் வேன் கிளம்புவதற்குள் எந்த ஸ்டேட் என்று கேட்டார்கள். பாலக்காடு என்றேன். உடனே மலையாளி குரூப்பில் என் பேர் ஏறிவிட்டது. ஓணம் ஆவணியில் வருவதால், செமஸ்டர் தொடங்கின கையோடு வரும் முதல் விழா அதுதான். போனேன். என் மலையாளத்தைக் கேட்ட ஒருத்தன் "பாண்டியாணோ?" என்றான். பாண்டி என்பது தமிழர்களை மலையாளத்தில் கேலியாகச் சொல்லும் பேர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தீபாவளிக்குத் தமிழ் குரூப் பக்கம் போனேன். "கேரளாவா? தமிழ் நல்லாப் பேசறீங்களே!" என்று பாராட்டினார்கள். எங்க வீட்டில் அப்பத்தா காலத்திலிருந்து வேறு பேச்சே கிடையாது தம்பி. சித்தூர் தாலுகா கொச்சி ராஜாவின் கீழ் இருந்தபோதே அங்கே தமிழ் பேசினார்கள், 1956 நவம்பர் 1-ல் கேரளா உண்டான பிறகும் பேசுகிறார்கள். அந்தச் சிரிப்பைவிட இந்தப் பாராட்டுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

நீங்களும் இதைச் சந்திப்பீங்க. அதனால்தான் எந்தச் சங்கம் என்ற கேள்வியையே விட்டுவிடச் சொல்கிறேன். இரண்டுக்கும் போங்க, சாப்பிடுங்க, பேசுங்க. உங்க நேரத்தை மட்டும் வேலை நடக்கிற இடத்தில் கொடுங்க. நாற்காலி போடுகிற இடத்தில் யாரும் ஸ்டேட் கேட்பதில்லை.

சங்க வேலை என்றதும் ஒரு எச்சரிக்கை. எந்தப் படிவத்திலும் உங்க சொந்தப் பேரில் கையெழுத்துப் போடாதீங்க. எங்க தீபாவளிக்கு ஹால் புக் பண்ண ஒரு மாணவர் பேர் வேண்டியிருந்தது. "சும்மா ஃபார்மாலிட்டி" என்று ஒரு பொறுப்பாளர் காகிதத்தை என்னிடம் நீட்டினார். விழா முடிகிற நேரம் சாம்பார் அண்டா சாய்ந்து கார்பெட்டில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு மஞ்சள் கறை. கார்பெட் சுத்தம் செய்த கட்டணம் என் மாணவர் கணக்கில் ஏறியது. அந்தப் பாக்கி நின்றால் அடுத்த செமஸ்டருக்குப் பாடம் பதிய முடியாது, கணக்கில் ஹோல்ட் விழும். பாடம் பதியாவிட்டால் விசா நிலைமையே ஆட்டம் காணும். மேடையில் மாலை போட்டுக்கொண்டவர்கள் ஒருத்தரும் போனை எடுக்கவில்லை. அப்பா தோப்பை அடமானம் வைத்து அனுப்பிய பணத்திலிருந்து அதைக் கட்டினேன்.

இப்போது நான் வேலை பார்க்கும் யூனிவர்சிட்டியில் ஒரு மாணவர் குழுவுக்கு அட்வைசராக இருக்கிறேன். வருகிற பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். பதிவு செய்த கிளப்புக்குத் தலைவர், பொருளாளர், அட்வைசர் எல்லாம் இருக்கணும். ஹால் கிளப் பேரில்தான் புக் ஆகணும். டிக்கெட் பணத்தை ஒருத்தருடைய சொந்த வென்மோ (போனில் பணம் அனுப்பும் ஆப்) கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நின்று கணக்குக் கேளுங்க. கேட்டால் சங்கடப்படுவார்கள், படட்டும். இந்த நாட்டில் எத்தனையோ ஊரில் நம்ம சங்கங்கள் இரண்டாக உடைந்ததற்குக் கணக்குச் சண்டைதான் காரணம், கொள்கை ஒன்றும் கிடையாது.

சரி, எப்படி உள்ளே நுழைவது? விமானம் இறங்கியதும் முதல் வேலை, வெளிநாட்டு மாணவர்களுக்கான இன்டர்நேஷனல் ஆபீசில் செக்-இன். அதை முடிக்காமல் எந்த விழாவுக்கும் போகாதீங்க. பாடம் தொடங்கும் வாரத்தை ஒட்டிப் புல்வெளியில் கிளப் சந்தை நடக்கும். வரிசையாக மேசை போட்டு ஒவ்வொரு குழுவும் ஆள் சேர்க்கும். எல்லா மேசையிலும் ஈமெயில் எழுதிக் கொடுத்தால் மெயில் வெள்ளத்தில் ஒன்றுக்குமே போக மாட்டீங்க. இரண்டு மூன்றுக்கு மட்டும் கொடுங்க. உங்க பீஸ் பில்லைப் பிரித்துப் பாருங்க, மாணவர் நடவடிக்கைக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலான நிகழ்ச்சிகள் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. ஓசியில் போகிறோமே என்று தயங்க வேண்டாம்.

எனக்கு வழி திறந்தது இரண்டு இடத்தில். கேம்பஸ் நாடக அரங்கில் டிக்கெட் கிழித்து ஆட்களை இருக்கையில் உட்காரவைக்கும் வேலைக்குத் தன்னார்வலர் தேவைப்பட்டார்கள். வேலையைச் செய்தால் நாடகத்தை இலவசமாகப் பார்க்கலாம். அமெரிக்க இங்கிலீஷ் என் காதுக்குப் பழகியது அங்கேதான். இன்னொன்று ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி. 1976-ல் தொடங்கிய அமைப்பு, வசதி இல்லாதவர்களுக்கு வீடு கட்டித் தரும். பல கேம்பஸ்களில் கிளை உண்டு, சனிக்கிழமை காலையில் மாணவர்களைக் கூட்டிப் போவார்கள். நீங்க காலேஜில் என்.எஸ்.எஸ்.ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) இருந்ததாக எழுதியிருக்கீங்க. வருஷத்துக்கு 120 மணி நேரம் வேலை செய்த கை அது, இங்கே நேராக உதவும். அக்டோபர் குளிரில் ஒரு ஓய்வுபெற்ற தச்சர் எனக்கு ஆணி அடிக்கக் கற்றுக்கொடுத்தார். நான் சுத்தியலைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்து டொக்கு டொக்கு என்று தட்டிக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடியின் கடைசிக்கு நகர்த்தி, முழங்கையிலிருந்து வீசச் சொன்னார். மூன்றே அடியில் ஆணி மரத்துக்குள் போனது. அவர் வீட்டில்தான் அந்த நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் சாப்பாடு. நான் எந்த ஸ்டேட் என்று அவர் இன்றுவரை கேட்டதில்லை.

நவராத்திரி, பொங்கல் கொண்டாட ஆசைப்பட்டால் விதிகளைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. பெரும்பாலான ஹால்களில் நெருப்பு ஏற்ற அனுமதி கிடையாது, விளக்குக்கே தனியாகக் கேட்கணும். வீட்டில் சமைத்ததைப் பொது விழாவில் பரிமாறப் பல இடங்களில் விடமாட்டார்கள். 21 வயது ஆகாதவருக்கு பீர் எடுத்துக் கொடுத்தால் கொடுத்தவர் மேல் வழக்கு வரும், இதில் விளையாட்டே கூடாது.

இனி நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது. கிளப் மேசைகளுக்கு நடுவில் கிளிப்போர்டு பிடித்துக்கொண்டு சிரித்த முகத்தோடு பிள்ளைகள் வருவார்கள், ஓட்டுப் போடப் பதிவு செய்துவிட்டீங்களா என்று கேட்பார்கள். 2004 தேர்தல் சமயத்தில் எங்க கேம்பஸில் திரும்பின பக்கமெல்லாம் அவர்கள்தான். நல்ல பிள்ளைகள், நல்ல எண்ணம், ஆனால் உங்க விசா என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தப் படிவத்தில் குடிமகன் என்று டிக் போட்டுக் கையெழுத்திட்டால், பொய்யாகக் குடியுரிமை கோரியதாக ஆகிவிடும். 1996 சட்டத்துக்குப் பிறகு அது கிரீன் கார்டு வழியையே அடைத்துவிடும் குற்றம். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும் ஆபீசிலும் இதே கேள்வி வரும். "நான் இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட்" என்று சொல்லி நகர்ந்துவிடுங்க.

போராட்டம், ஊர்வலம் பற்றியும் சொல்லணும். நம்ம ஊரில் காலேஜ் யூனியன் எலெக்‌ஷனில் கொடி பிடித்து வளர்ந்தவங்க நீங்க, இங்கேயும் கால் பரபரக்கும். 2025 வசந்த காலத்தில் போராட்டங்களில் இருந்த வெளிநாட்டு மாணவர்கள் சிலரின் விசாவை ரத்து செய்தார்கள். அந்த ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்கைப் பொதுவில் திறந்து வைக்கணும் என்ற விதியும் வந்தது. அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அநியாயத்தின் விலை உங்க படிப்பு என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்க.

தன்னார்வம் என்ற பேரில் ஓசி வேலை வாங்குகிற நம்மவர்களும் உண்டு. "எக்ஸ்பீரியன்ஸ் கிடைக்கும், சும்மா வந்து உதவு" என்று ஓட்டலிலும் சின்ன கம்பெனியிலும் கூப்பிடுவார்கள். சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையைச் சம்பளமில்லாமல் செய்தால் அது தொண்டு ஆகாது, விசா மீறலாக எண்ணப்படலாம். கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்றால் இன்னும் மோசம். மாட்டிக்கொண்டால் முதலாளி தப்பிவிடுவார், உங்க படிப்பு நின்றுபோகும். கேம்பஸுக்குள் செமஸ்டர் நாளில் வாரம் 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம், அதற்குள் நில்லுங்க.

வந்தவர்களில் இரண்டு வகையையும் பார்த்துவிட்டேன். ஒரே அபார்ட்மென்ட், ஒரே பத்துப் பேர், டிகிரி வாங்கும்வரை பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியாமல் திரும்பியவர்கள் ஒரு வகை. ஆறே மாதத்தில் அம்மாவிடம் போனில் இங்கிலீஷில் பேசத் தொடங்கியவர்கள் இன்னொரு வகை. இரண்டும் எனக்குப் பிடிக்காது. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்து என்று நாம் சின்ன வயசிலேயே பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் இங்கே பெரிய சொத்து தம்பி.

இரண்டாம் வருஷம் இன்டர்நேஷனல் நைட்டில் மேசை போட்டபோது கேரளா மேசைக்கா, தமிழ்நாட்டு மேசைக்கா என்று மறுபடியும் கேட்டார்கள். தனி மேசை கேட்டு வாங்கினேன். அரிசி மாவில் கோலம் போட்டு, பக்கத்தில் சித்தூர் கொங்கன் படைத் திருவிழா பற்றி ஒரு அட்டை வைத்தேன். கொங்குப் படையை ஊர்க்காரர்கள் பகவதி துணையோடு விரட்டினார்கள் என்று கும்ப மாதத்தில் கொண்டாடுவோமே, அதேதான். எங்க அப்பத்தா வருஷா வருஷம் என்னைத் தோளில் தூக்கிப் போய்க் காட்டும். வெடிச் சத்தத்துக்கு நான் அழுதால், "நம்ம பாஷை பேசறவங்கதான் தோத்தாங்க கண்ணு, ஆனா ஊரு நம்மளுது, வா பாக்கலாம்" என்று சொல்லும். அந்தக் கதையைக் கேட்க அன்றைக்கு மலையாளிகளும் நின்றார்கள், கோயம்புத்தூர்க்காரர்களும் நின்றார்கள். என்னைப் பாண்டியா என்று கேட்டவன் கோலப்பொடி டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூடவே இருந்தான். இப்போதும் பேசுகிறோம், அவன் பிள்ளைகளுக்கு நான் அத்தை.

எந்த யூனிவர்சிட்டி என்று நீங்க எழுதவே இல்லை. பேரை அனுப்புங்க. அந்தக் கேம்பஸில் ஹேபிடட் கிளை இருக்கா, நாடக அரங்கில் ஆள் எடுக்கிறார்களா என்று பார்த்துச் சொல்கிறேன். பார்ட் டைம் வேலைக்கு லைப்ரரியிலும் டைனிங் ஹாலிலும் போன முதல் வாரமே எழுதிக் கொடுத்துடுங்க, செப்டம்பர் தாண்டினால் இடம் நிறைந்துவிடும்.